கையும் கரண்டியும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா முடிந்த அன்று, வழக்கம்போல் பந்தி நடைபெற்றது. தில்லியில் தலைவாழை இலைக்கு உள்ள அருமையை நேயர்கள் அறிவர். பெரியவர், சிறியவர், அதிகாரி, எழுத்தர் என்ற வேறுபாடின்றி அனைவரும் வரிசையாக அமர்ந்திருந்தோம். பருப்பும் நெய்யும் முடிந்து சாம்பார் வந்தபோது, பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் பரிமாறுபவரைப் பார்த்து, “மாமா, ஒரு ஸ்பூன் கிடைக்குமா?” என்று மெல்லக் கேட்டான். எதிர்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

“தம்பி, ஆண்டவன் ஐந்து விரல் கொடுத்திருக்கிறான். தமிழ்ப் பிள்ளை இலையின் முன் உட்கார்ந்து ஸ்பூன் கேட்கலாமா?” என்றார்.

பையன் தலை கவிழ்ந்தான். அவனுடைய தாயார் முகம் சிவக்க, “கோபித்துக்கொள்ளாதீர்கள், மாமா. பள்ளியில் இவன் கையால் சாப்பிடுவதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம். மூன்று மாதம் கட்டிக்கொடுத்த தயிர் சாதம் கட்டியபடியே திரும்பி வந்தது. டப்பாவில் ஸ்பூன் வைத்த பிறகுதான் உண்கிறான்” என்றார்.

அவ்வளவுதான். கை கழுவும் இடத்தில் தொடங்கிய விவாதம் வெற்றிலை போடும் வரையில் நீண்டது. நாகரிகம் வளர வளரக் கரண்டி வரத்தான் செய்யும் என்றார் ஒருவர். கையை விட்டவன் மொழியையும் விடுவான் என்றார் மற்றொருவர். நாம் இரு பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு செய்தியில் மட்டும் இரு கட்சியாருக்கும் ஐயமே இல்லை. கையால் உண்பது நம் வழக்கம். கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்பது ஐரோப்பியர் தொன்றுதொட்டுக் கொண்டுள்ள வழக்கம் என்பதே அது. அந்தத் ‘தொன்றுதொட்டு’ எவ்வளவு பழையது என்று தெரிந்துகொண்டால், பையனுக்கும் பெரியவருக்கும் இடையே உள்ள வழக்கு ஓரளவு தீரும் என்று தோன்றியதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஐரோப்பாவில் இடைக்காலத்தில், பெருமக்கள் மாளிகையிலுங்கூட, விருந்தினர் கையாலேயே உண்டனர். நாட்பட்டுக் கெட்டியான ரொட்டியைத் தடித்த துண்டாக அறுத்து ஒவ்வொருவர் முன்னும் வைப்பார்கள். இறைச்சியும் சாறும் அதன்மேல் விழும். உண்டு முடித்தபின், சாற்றில் ஊறிய அந்த ரொட்டி ஏழைகளுக்கோ நாய்களுக்கோ போகும். நம் வாழை இலைக்கு அதை ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். உணவுக்கு முன்னும் பின்னும் பணியாளர்கள் செம்பும் தாம்பாளமும் துண்டும் கொண்டுவந்து கையில் நீர் வார்ப்பார்கள். கல்வியிற் சிறந்த இராஸ்மஸ் என்பார் 1530-ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கு நல்லொழுக்கம் கற்பிக்க ஒரு சிறுநூல் எழுதினார். எண்ணெய் பட்ட விரலை நக்காதே, சட்டையில் துடைக்காதே, துண்டில் துடை என்று அதில் அறிவுரை கூறுகிறார். நம் பாட்டிமார் சொல்லாதது அதில் எதுவும் இல்லை.

கத்தி மட்டும் அவரவருக்குச் சொந்தம். உறையிலிட்டு இடையில் கட்டிக்கொண்டு விருந்துக்குச் செல்வார்கள். அழைத்தவர் கத்தி தருவார் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. கஞ்சிக்கும் சாற்றுக்கும் மரத்தாலோ கொம்பாலோ செய்த கரண்டி இருந்தது. ‘ஸ்பூன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே பழைய பொருள் மரச்சில்லு என்பதுதான். முள்கரண்டியோ சமையற்கட்டில் பெரிய இறைச்சித் துண்டைப் பிடித்துக்கொள்ளும் கருவியாகவே நெடுங்காலம் இருந்தது. வாய்க்கு அருகில் வரவில்லை.

அது உணவு மேசைக்கு ஏறியது கிழக்கிலிருந்துதான். பதினோராம் நூற்றாண்டில் பைசாந்திய அரச குலத்துப் பெண் ஒருத்தி வெனிஸ் நகரத் தலைவரின் குடும்பத்துக்கு மணமகளாக வந்தாள். அவள் உணவை விரலால் தொடாமல், பொன்னாற் செய்த சிறு முள்கரண்டியால் எடுத்து உண்டாளாம். பீட்டர் டேமியன் என்ற துறவி இதைக் கேட்டு வெகுண்டு, அவள் பின்னர் கொடிய நோயுற்று இறந்ததற்கு இந்த ஆடம்பரமே காரணம் என்று எழுதிவைத்தார். ஆண்டவன் விரல் கொடுத்திருக்க உலோகம் எதற்கு என்ற வாதம் நம் சங்கத்துப் பந்தியில் பிறந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

இத்தாலியில் மெல்ல மெல்லப் பரவிய அந்தக் கருவியை ஆங்கிலேயருக்கு எழுத்தில் அறிமுகம் செய்தவர் தாமஸ் கோரியட் என்பவர். சாமர்செட் மாவட்டத்தில் ஆட்கோம்பு என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். நடந்தே உலகைக் காண வேண்டும் என்ற ஆசை பிடித்தவர். 1608-ஆம் ஆண்டில் வெனிஸ் வரை சென்று திரும்பி, 1611-இல் தம் பயணநூலை வெளியிட்டார். இத்தாலியர் உண்ணும்போது ஒரு கையில் கத்தியும் மறு கையில் முள்கரண்டியும் பிடிக்கிறார்கள். பொதுத் தட்டில் உள்ள இறைச்சியை ஒருவர் விரலால் தொட்டால் மற்றவர்கள் பொறுப்பதில்லை. எல்லார் விரலும் ஒன்றுபோல் தூய்மையாக இராது என்பதே அவர்கள் சொல்லும் காரணம் என்று அந்நூலில் குறித்தார். தாமும் ஒரு முள்கரண்டி வாங்கிவந்து ஊரில் பயன்படுத்தினார். நண்பர்கள் சிரித்தார்கள். அவர்களுள் ஒருவர் அவருக்கு ‘பர்சிபர்’ என்று இலத்தீனில் பட்டம் சூட்டினார். ‘முள்கரண்டி தாங்கி’ என்றும் பொருள்படும். ‘தூக்குமேடைக்கு உரியவன்’ என்றும் பொருள்படும் இரட்டுற மொழிதல் அது. இன்று தில்லிப் பள்ளியில் கை வைத்து உண்ணும் பையனைக் கண்டு சிரிக்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் முள்கரண்டி வைத்து உண்டவரைக் கண்டு சிரித்தார்கள்.

கோரியட்டின் கதையில் நமக்கு வியப்பூட்டும் பகுதி இனிமேல்தான் வருகிறது. 1612-இல் அவர் மீண்டும் புறப்பட்டார். கான்ஸ்டாண்டிநோபிள், ஜெருசலேம், அலெப்போ ஆகிய ஊர்களைக் கடந்து, பாரசீகம் வழியாகக் கால்நடையாகவே வந்து, 1615-இல் அஜ்மீரை அடைந்தார். அப்போது ஜஹாங்கீர் பாதுஷாவின் அரசவை அங்கே இருந்தது. பாரசீக மொழியைக் கற்றிருந்த கோரியட், பாதுஷா காட்சி தரும் பலகணியின் கீழ் நின்று அம்மொழியில் ஒரு சொற்பொழிவு செய்து, நூறு ரூபாய் பரிசு பெற்றார். பின்னர் சூரத்துக்குச் சென்றவர், 1617-ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே வயிற்றுக்கடுப்பால் மாண்டார். வயிறு சரியில்லாதவருக்குத் தம் நாட்டவர் அன்போடு அளித்த மதுவே நோயை முற்றச் செய்தது என்று, அவருடன் தங்கியிருந்த பாதிரியார் எழுதியிருக்கிறார். சூரத்துக்கு அருகே கடலோரத்தில் அவருடைய கல்லறை என்று வழங்கும் நினைவுக் கட்டடம் ஒன்று உண்டு. முள்கரண்டியை இங்கிலாந்துக்குப் புகழ்ந்துரைத்தவர், கையால் உண்ணும் நாட்டின் மண்ணில் உறங்குகிறார்.

அவர் சொன்ன காரணத்தை இங்கே சற்று நின்று ஆராய வேண்டும். இத்தாலியருடைய அச்சம் யாது? பலர் ஒரே தட்டில் கைவிட்டு எடுக்கிறார்கள்; எவர் கை எப்படியோ என்பதுதான். இந்த இடர்ப்பாடு நம் பந்தியில் இருந்ததா? இல்லை. நம் வழக்கத்தில் உண்பவர் பொதுப் பாத்திரத்தைத் தொடுவதே இல்லை. பரிமாறுபவர் தனியே நிற்கிறார். அவர் கையில் உள்ள கரண்டி உண்பவரின் இலையைத் தொடாது. சற்று உயரத்திலிருந்தே விழவேண்டும். தண்ணீர்க் குவளையும் உதட்டில் படாது. உண்ணும் கை உண்பவனுடையது, அது தொடும் இலையும் அவனுடையதே. ‘எச்சில்’ என்ற ஒரே சொல்லால் நம் முன்னோர் அமைத்த வேலி அது. அந்த வேலி சில வேளைகளில் மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கவும் பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் உணவுத் தூய்மையைப் பொறுத்தவரையில், எந்தக் கேள்விக்கு முள்கரண்டி விடையாகப் பிறந்ததோ, அந்தக் கேள்வி நம் வீட்டில் எழவேயில்லை.

நம் சமையலறையில் கரண்டிக்குப் பஞ்சமா என்ன? கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகிய அகப்பை இருந்தது. சாதத்துக்கு அன்னவெட்டி, குழம்புக்குக் குழிக்கரண்டி, தோசைக்குத் திருப்பி, நெய்க்கு முட்டைக்கரண்டி, பூசைக்கு உத்தரணி, பச்சிளங் குழந்தைக்குப் பால் புகட்டப் பாலாடை அல்லது சங்கு. இத்தனையும் சமைக்கவும் பரிமாறவும் பிறர்க்கு ஊட்டவும் ஆனவை. வளர்ந்த ஒருவர் தம் வாயில் தாமே இட்டுக்கொள்வதற்கென்று ஒரு கரண்டி இந்த வரிசையில் இல்லை. அதனாலேதான் அது வந்தபோது ‘ஸ்பூன்’ என்ற பெயரையும் உடன் கொண்டு வந்தது. ஸ்பூன் என்றால் நமக்கு ஒன்று, கரண்டி என்றால் வேறொன்று. நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் பலா இலையைக் கோட்டிக் கஞ்சி குடித்தார்கள். அது ஒன்றே விதிவிலக்காக நம் நினைவுக்கு வருகிறது. கஞ்சி கையில் நில்லாதது. ஆதலின் உணவே கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டது. உணவும் கையும் எதைக் கேட்கின்றனவோ அதற்கு ஏற்பவே கருவி அமைகிறது என்று நாம் கருதுகிறோம். நெருப்பில் வாட்டிய பெரிய இறைச்சித் துண்டை மேசைமேல் வைத்து அறுத்து உண்பவனுக்குக் கத்தி வேண்டும். குழைய வெந்த சோற்றைப் பிசைந்து உண்பவனுக்கு அதனால் பயனில்லை; நம் கத்தி அறுப்பதையெல்லாம் அடுப்பங்கரையிலேயே அரிவாள்மணை அறுத்து முடித்துவிடுகிறது.

மேசைக்கத்தி கூர் இழந்த கதை ஒன்று உண்டு. கூர்முனைக் கத்தி உணவைக் குத்தி எடுக்க உதவியது போலவே, சினம் வந்தால் எதிரே இருப்பவரைக் குத்தவும் உதவியது. 1669-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, கத்திகளின் முனையை மழுக்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். முனை மழுங்கிய கத்தியால் குத்தி எடுக்க இயலாது. ஆகவே அந்த வேலை முள்கரண்டிக்கு வந்தது. தொடக்கத்தில் நேரான இரண்டு முள்ளே இருந்தது. குத்திப் பிடிக்க அது போதும். பட்டாணியையோ சோற்றையோ அள்ள முயன்றால் இடுக்கு வழியே விழுந்துவிடும். அதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிலர் கத்தியின் நுனியை அகலமாக்கி, அதன்மேல் பட்டாணியை ஏந்தி வாயில் இட்டனர். இன்று அவ்வாறு செய்பவனை விருந்தினின்றும் எழுப்பிவிடுவார்கள்! பிறகு முள் மூன்றாகி நான்காகி, கரண்டியைப் போல் வளைவும் பெற்று இன்றைய வடிவை அடைந்தது.

இனி, இவற்றைச் செய்த உலோகத்தின் வரலாற்றுக்கு வருவோம். இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு.

இங்கிலாந்தில் கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்றது ஷெபீல்டு நகரம். 1624-ஆம் ஆண்டிலேயே அவ்வட்டாரத்துக் கத்திக் கொல்லர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர், மண்மூசையில் இரும்பை உருக்கி ஒரே சீரான உருக்கு செய்யும் முறையைக் கண்டார். ஆனால் மூசையில் உருக்கு ஆக்கும் கலை தென்னாட்டுக் கொல்லர்கள் அதற்கு மிக முன்பே அறிந்தது. ஈரோட்டுக்கு மேற்கே கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வில் பண்டை உலைகள் வெளிப்பட்டன. தென்னாட்டு உருக்கு ஐரோப்பாவில் ‘வூட்ஸ்’ என்று பெயர் பெற்றது. கன்னடத்து ‘உக்கு’ என்ற சொல்லின் திரிபு அது என்பர். நம் ‘உருக்கு’ அதற்கு உடன்பிறப்பு. இலண்டனில் அறுவை மருத்துவருக்குக் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கொல்லர் அவ்வுருக்கை மிகவும் பாராட்டினார். அதன் இரகசியம் யாதென அறிய, மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் அவருடன் சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருக்குக் கலவைகளை ஆராய்ந்தார். மின்சாரத்தால் அழியாப் புகழ் பெற்ற பாரடே, தம் இளமையில் நம் நாட்டுக் கொல்லனின் உலையைப் புரிந்துகொள்ள முயன்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

மற்றொரு தொடர்பும் உண்டு. சென்னை அரசாங்கத்தில் அலுவல் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நிறுவினார். ஆலை அவரை வாழவைக்கவில்லை. பின்னர் இங்கிலாந்து சென்று, உருக்கில் சிறிது மாங்கனீசு சேர்த்தால் அதன் தரம் உயர்ந்து விலை குறையும் என்று கண்டு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு அதனால் செழித்தது. ஹீத்தோ காப்புரிமை வழக்கிலேயே பொருளை இழந்து மறைந்தார்.

ஷெபீல்டின் செழிப்புக்கு வேறு சிலரும் விலை கொடுத்தனர். கத்தியை நீர் பட்ட சாணையில் தீட்டலாம். முள்கரண்டியை உலர்ந்த சாணையில் தீட்டினார்கள். கல்தூளும் இரும்புத்தூளும் மூச்சில் ஏறி நுரையீரலைத் தின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நகரத்து மருத்துவர்கள் எழுதிவைத்த குறிப்புகளின்படி, முள்கரண்டி தீட்டும் தொழிலாளருள் மிகப் பலர் நாற்பது வயதைக் காணவில்லை. சிறுவராக இருக்கும்போதே இத்தொழிலுக்கு வந்தவர்கள் அவர்கள். சீமான்கள் வீட்டு மேசையில் எந்தக் கையால் எதைப் பிடிப்பது என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்த அதே காலம் அது. தூரத்து ஊர்க் கதை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம். நம் தில்லியிலேயே வஜீர்பூர்ப் பக்கம் சென்று பார்த்தவர்கள், எவர்சில்வர்த் தகட்டைக் காய்ச்சி உருட்டுவதும், அமிலத்தில் தோய்ப்பதும், பளபளக்கத் தேய்ப்பதும் எத்தகைய வெப்பத்திலும் தூசியிலும் நடக்கின்றன என்பதை அறிவார்கள்.

பழைய உருக்குக் கத்திக்கு ஒரு குறை உண்டு. எலுமிச்சையும் காடியும் பட்டால் கறுக்கும்; உணவிலும் இரும்புச் சுவை ஏறும். அதனால்தான் மீனுக்கும் பழத்துக்கும் தனியே வெள்ளிக் கத்தி வைத்தார்கள். அது ஆடம்பரம் என்று நினைக்கிறோம். அடிப்படையில் அது நாவின் கட்டளை. நம் வீட்டில் புளி இந்த வேலையைச் செய்தது. பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும்; ஆகையால் ஆண்டுதோறும் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்து துருத்தி போடுவார். ரசத்துக்கு ஈயச்சொம்பு தனி.

இக்குறையைத் தீர்த்தவர் ஹாரி பிரியர்லி. ஷெபீல்டில் உருக்கு உலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். துப்பாக்கிக் குழல் விரைவில் தேயாதிருக்கக் கலவை தேடியபோது, 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டில், நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு குரோமியம் சேர்ந்த உருக்கு அமிலத்துக்கு அசையாததைக் கண்டார். இது துப்பாக்கிக்கு ஆகுமோ ஆகாதோ, உணவுக் கத்திக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. கொல்லர்கள் முதலில் ஏளனம் செய்தனர். ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்’ என்று அவருக்குப் பெயர் வைத்தனர். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் மேலாளர் காடியில் தோய்த்துப் பார்த்துவிட்டு, கறை படியவில்லை என்ற பொருளில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்றார், அப்பெயரே நிலைத்தது. 1924-இல் அதே ஆய்வுக்கூடத்தில் ஹாட்பீல்டு என்பவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கொண்ட கலவையை அமைத்தார். ஸ்பூனின் முதுகில் ‘18/8’ என்று பொறித்திருப்பது இதைத்தான்.

உலகம் ‘ஸ்டெயின்லெஸ்’ என்றது. தமிழர் இல்லம் ‘எவர்சில்வர்’ என்றது. புளிக்கு அஞ்சாத உலோகம் கிடைத்தால் நம் பெண்மணிகள் விடுவார்களா? கலியாணச் சீர்வரிசையில் பித்தளை போய் எவர்சில்வர் அடுக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் பெயர் பொறிக்கப்பட்டது. பழைய பட்டுச்சேலையும் கால்சட்டையும் கொடுத்து ஒரு பாத்திரம் வாங்குவதில் நடக்கும் பேரத்தை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 1981-இல் சேலத்திலேயே அவ்வுருக்கு ஆலை இயங்கத் தொடங்கியது. பண்டை உருக்கு விளைந்த கொங்குச் சீமைக்கு அது அயலூர் அன்று.

இனி ஸ்பூனின் உருவம். பழைய ஐரோப்பியக் கரண்டியின் தண்டு குட்டையாகவும் உருண்டையாகவும் இருக்கும். அதை முட்டி மடக்கிப் பிடித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் தண்டு நீண்டு தட்டையாகி, பேனாவைப் போல் விரல்களுக்கிடையே ஏந்தும் வழக்கம் வந்தது. கிண்ணப் பகுதியும் அத்திக்காய் வடிவிலிருந்து முட்டை வடிவுக்கு மாறி, குறுகிய முனை வாய்ப்பக்கம் வந்தது. பிறகு செல்வர் வீட்டு மேசையில் சாற்றுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று என்று பெருகிய கூட்டத்தை இங்கே விரிக்க விரும்பவில்லை. 1965-இல் டேவிட் மெல்லர் என்ற ஷெபீல்டு வடிவமைப்பாளர், அரசாங்க மருத்துவமனைகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் புதுத் தொகுதி ஒன்றை அமைத்தபோது பதினோர் உருப்படிகளை ஐந்தாகக் குறைத்தார் என்பது போதும்.

தண்டு உருண்டையிலிருந்து தட்டையானது முன்னேற்றம் என்றே நாமும் எண்ணியிருந்தோம், நம் அண்டை வீட்டுப் பெரியவரைக் காணும் வரையில்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மகனுடன் வசிக்க வந்தவர் அவர். வயது எழுபத்தைந்துக்கு மேல். கை நடுக்கம். தட்டிலிருந்து வாய்க்குள் போவதற்குள் பாதிச் சோறு மடியில் விழும். பேரப்பிள்ளைகள் பார்ப்பதற்கு வெட்கி, எல்லாரும் உண்டபின் சமையலறை மூலையில் தனியே அமர்ந்து நாலு வாய் உண்டு எழுந்துவிடுவார். உடல் இளைத்தது. ஊர் நினைவு என்றான் மகன். பருவநிலை என்றார் மருத்துவர். மருமகள்தான் ஒருநாள் கதவிடுக்கில் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தாள். மறுநாள் ஸ்பூன் வைத்தாள். பெரியவர் சீறினார். சிறு குழந்தைக்குப் போல் ஸ்பூனா என்றார். பின்பு அவள் மனம் நோகக்கூடாதே என்று எடுத்துப் பார்த்தால், கடைகளில் விற்கும் மெல்லிய தட்டைத் தண்டு அவர் விரலில் நிற்கவில்லை. நடுக்கம் முன்னினும் மிகுந்தது. மெல்லியதை இறுகப் பற்ற வேண்டியிருக்கிறது. இறுகப் பற்றப் பற்ற நடுக்கம் கூடுகிறது.

அந்தப் பெண் படித்த பெண். தண்டைப் பருமனாக்கினால் முட்டியால் தளரப் பிடிக்கலாம் என்று அறிந்து, முதலில் பழந்துணியைச் சுற்றினாள். துணி ஊறிப் புளித்தது. பிறகு சைக்கிள் கடைக்குப் போய், கைப்பிடியில் மாட்டும் ரப்பர் உறையை வாங்கிவந்து, கிண்ணம் ஆழ்ந்த கனமான ஸ்பூன் ஒன்றின் தண்டில் மாட்டி, உள்ளே துணித்துண்டு திணித்து இறுக்கினாள். கனமும் உதவியது, இலேசான கரண்டியைவிடக் கனத்தது குறைவாக ஆடுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முந்திய உருண்டைத் தண்டு இவ்வாறு தில்லியில் மறுபிறவி எடுத்தது. பெரியவர் இப்போது எல்லாருடனும் அமர்ந்து உண்கிறார். வெளியே போனால் அந்த ஸ்பூனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார், பழைய ஐரோப்பியன் தன் கத்தியை இடையில் வைத்துக்கொண்டது போல.

சங்கத்துப் பந்தியில், தலை கவிழ்ந்த அந்தச் சிறுவனுக்கு இரண்டு இலை தள்ளி இவர் அமர்ந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து இலையோரம் வைத்தார். “பரிமாறுகிற தம்பி, அந்தக் குழந்தைக்கும் ஒன்று கொண்டுவந்து கொடப்பா. நாங்கள் இரண்டு பேராக இருந்துவிட்டுப் போகிறோம்” என்றார். சற்றுமுன் கடிந்துகொண்டவர் ஒன்றும் பேசவில்லை. ரசம் வந்தபோது மட்டும், “அவருக்கு மேலாக, தெளிவாக ஊற்று” என்று பரிமாறுபவரிடம் சொன்னார்.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு ஸ்பூன் வைக்கும் தாயாரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. கை கழுவ நீரும் சோப்பும் இல்லாத இடத்தில் கையைவிட ஸ்பூனே நல்லது. நீர் உள்ள இடத்தில் கழுவிய கை எந்தக் கரண்டிக்கும் தாழ்ந்ததன்று; விரல் நுனி, சோறு சுடுகிறதா, முள் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்பதையும் வாய்க்கு முன்பே சொல்லிவிடுகிறது. வீட்டில் பிள்ளை கையால் பிசைந்து உண்ணும் சுவையை மறவாதிருந்தால் போதும். கோரியட் கதையையும் சொல்லிவைத்தால் பள்ளியில் சிரிப்பவர்களுக்கு அவனே விடை கூறுவான்.

வாங்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லையென்றால் உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். அது முழு உண்மையன்று. 18/8 ஒட்டாதுதான், ஆனால் விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவுக் கலவையும் ஒட்டாது, அது துருப்பிடிக்க எளிது. ஆகவே பொறிப்பையும் பாருங்கள். மேசைக்கத்தியின் அலகு காந்தத்தில் ஒட்டினால் அஞ்ச வேண்டாம். கூர் நிற்கும்படி கடினமாக்கும் வகை ஒட்டத்தான் செய்யும். ஸ்பூனின் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். பிசிறு இருந்தால் உதட்டை அறுக்கும். கழுத்தை இரு விரலால் வளைத்துப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். ரசஞ்சாதத்துக்குக் கிண்ணம் சற்று ஆழமாக இருக்கவேண்டும்; மிக ஆழமானால் மேலுதடு எட்டாமல் அடியில் தங்கிவிடும். மருந்தை மட்டும் உணவு ஸ்பூனால் அளக்காதீர்கள். குப்பியுடன் வரும் மூடியில் அளவுக்கோடு இருக்கும்.

முதியவர் இருக்கும் வீட்டார் பலர் அந்த ரப்பர்க் கைப்பிடியைப் பற்றி நம்மிடம் விசாரித்தார்கள். எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஒற்றையாகத் தரமாட்டார்கள். இரண்டாகத்தான் வாங்க வேண்டும். அண்டை வீட்டுப் பெரியவர் மற்றொன்றைத் தம் பல்துலக்கும் பிரஷ்ஷில் மாட்டியிருக்கிறார்.